அது சரி, வேலைக்கு என்ன பண்றீங்க?

போன வாரம் ஒரு நேயர்கிட்டயிருந்து மெயில் வந்தது. எட்டு வருஷம் டான்ஸ் கத்துக்கிட்டவங்க. இப்போ சொல்லிக் கொடுக்கறாங்க, மேடையிலும் ஆடறாங்க. வாடகை, வண்டி இஎம்ஐ எல்லாம் அந்த வருமானத்தில்தான். ஆனா கல்யாண வீட்டில் யாராவது "என்னம்மா பண்றே?"ன்னு கேட்டு, இவங்க "டான்ஸர்"ன்னு சொன்னா, அடுத்த கேள்வி எப்பவும் ஒண்ணுதானாம்: "அது சரி, வேலைக்கு என்ன பண்றே?" லோன் ஃபார்ம் நிரப்பும்போது தொழில்ங்கிற கட்டத்தில் "இதரவை" டிக் பண்ணிட்டு வந்தாங்களாம். மெயில் முடிவில் ஒரு கேள்வி: ஆடுறது எப்போ ஒரு தொழில் ஆச்சு? அதை யார் முடிவு பண்ணாங்க?

உலகம் முழுக்க இதுக்கு ஒரே பதில் கிடையாது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கதை. இன்னிக்கு நான் லண்டன், பாரிஸ் ரெண்டு ஊர் கதையை மட்டும் எடுத்துக்கறேன், அதுவும் சுமார் 1570லிருந்து 1735 வரை. ஏன்னா அங்கே இது கோர்ட் கேஸ் வரைக்கும் போன விஷயம். கேஸ் போட்டா காகிதம் மிஞ்சும். காகிதம் மிஞ்சினா நமக்குக் கதை கிடைக்கும்.

1600ஆம் வருஷம் பிப்ரவரி மாசம். வில் கெம்ப் என்று ஒரு நகைச்சுவை நடிகர். ஷேக்ஸ்பியர் இருந்த அதே நாடகக் கம்பெனியில் பெரிய ஸ்டார். 'ரோமியோ ஜூலியட்'டில் வேலைக்காரன் பீட்டராக நடித்தவர். 1599ல் அந்தக் கம்பெனியை விட்டு வெளியே வந்தார். சம்பளம் போச்சு, மேடை போச்சு. அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? லண்டனிலிருந்து நாரிச் வரைக்கும் ஆடிக்கொண்டே போகிறேன் என்று அறிவித்தார். நூறு மைலுக்கு மேல் தூரம். முழங்காலுக்குக் கீழே சலங்கை கட்டிக்கொண்டு, 'மாரிஸ்' என்கிற நாட்டுப்புற ஆட்டத்தை ஆடிக்கொண்டே போவதாகத் திட்டம். கூட மூன்று பேர். ஒருவர் குழலும் சின்ன மேளமும் வாசிக்க. ஒருவர் எடுபிடி வேலைக்கு. மூன்றாவது ஆள்தான் முக்கியம்: கெம்ப் ஏமாற்றாமல் ஆடுகிறாரா என்று மேற்பார்வை பார்க்க.

எதுக்கு மேற்பார்வை? பந்தயம். கிளம்பும்போது கெம்ப் தன் பணத்தைப் பலரிடம் கட்டிவிட்டுப் போகிறார். சொன்னபடி ஆடி முடித்துத் திரும்பி வந்தால் அவர்கள் மூன்று மடங்காகத் தர வேண்டும். முடியவில்லை என்றால் கட்டிய பணம் போச்சு. இன்னிக்கு நாம கிரவுட்ஃபண்டிங்னு சொல்றோம் இல்லையா, அதோட கொஞ்சம் முரட்டுத்தனமான அண்ணன் இது.

ஆடின நாட்கள் ஒன்பது. நடுவில் ஓய்வு, மழை, பனி எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட நான்கு வாரம் ஆச்சு. செம்ஸ்ஃபோர்டில் பதினான்கு வயசுப் பெண் ஒருத்தி அவரோடு ஒரு மணி நேரம் ஆடினாள். கடைசியில் களைத்துப்போனது அவள்தான். சட்பரியில் வாட்டசாட்டமான ஒரு கசாப்புக்காரர் நானும் வருகிறேன் என்று சேர்ந்து, அரை மைல்கூடப் போகாமல் கைவிட்டுவிட்டார். அதைப் பார்த்த ஊர்ப்பெண் ஒருத்தி, இவ்வளவுதானா என்று அவரைக் கேலி செய்துவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு மைல் ஆடிக் காட்டினாள். இந்தப் பெண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி வேணும்.

நாரிச்சில் மேயரே வரவேற்பு கொடுத்தார். ஐந்து பவுண்டு ரொக்கம், அது போக வாழ்நாள் முழுக்க வருஷத்துக்கு 40 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. நாடகக் கொட்டகையில் நின்றுகொண்டு பார்க்க ஒரு பென்னி. அதாவது வருஷா வருஷம் 480 டிக்கெட் காசு.

பந்தயப் பணம் வந்ததா? திரும்பி வந்ததும் கெம்ப் இதையெல்லாம் ஒரு சின்னப் புத்தகமாக அச்சுப் போட்டார். சிலர் சொன்னபடி கொடுத்தார்களாம். சிலர் இவர் வருவதைப் பார்த்தாலே காணாமல் போய்விடுகிறார்களாம். நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஃப்ரீலான்ஸர் எழுதின பேமென்ட் ரிமைண்டர். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரலை.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு சம்பவமும் உண்டு. பிரென்ட்வுட் பக்கத்தில், இவர் ஆட்டத்தைப் பார்க்கக் கூடின கூட்டத்தில் இரண்டு பிக்பாக்கெட் மாட்டிக்கொண்டார்கள். நாங்க கெம்ப் மேல பந்தயம் கட்டினவங்க, அதைப் பார்க்கத்தான் வந்தோம் என்று அவர்கள் சொல்ல, அதிகாரிகள் கெம்ப்பிடம் கூட்டி வந்து நிறுத்தினார்கள். கெம்ப் சொன்ன பதில்: எனக்கும் இவங்களுக்கும் சம்பந்தமே இல்லை.

அவசரமாகச் சொன்னார். சொல்லித்தான் ஆக வேண்டும். 1572ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்திருந்தது. ஏதாவது ஒரு பிரபுவின் ஆதரவோ நீதிபதிகளின் லைசென்ஸோ இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றும் நாடகக்காரர், பாட்டுக்காரர், கத்திச்சண்டை காட்டுபவர், கரடி ஆட்டுபவர், வித்தைக்காரர் எல்லாரும் நாடோடிக் குற்றவாளிகள். சவுக்கடி. வலது காதில் சுட்ட இரும்பால் துளை. காதுத் தண்டனை பிற்பாடு போய்விட்டது, ஆனால் 1598ல் வந்த புதுச் சட்டத்திலும் சவுக்கடி அப்படியே இருந்தது. உடம்பை வைத்துப் பிழைப்பவனுக்கும் திருடனுக்கும் நடுவில் சட்டம் போட்ட கோடு மெல்லிசு. ஒரு பிரபுவின் பெயரைச் சொல்ல முடிந்தால் நீ கலைஞன். முடியவில்லை என்றால் நீ திரிகிறவன். உன் திறமை அதில் எந்த இடத்திலும் வரவில்லை, கவனிச்சீங்களா?

கெம்ப் கதை எப்படி முடிந்தது? 1602ல் ஹென்ஸ்லோ என்ற நாடகக் கொட்டகை முதலாளியிடம் கடன் வாங்கியிருக்கிறார். ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகத்தில் அது இருக்கு. கூட்டம் இருந்தது, பெயர் இருந்தது, நூறு மைல் ஆடக் கால் இருந்தது. ஆனா அது அவரோட தனி சாமர்த்தியம். அவருக்கு அடுத்து வருகிற ஆள் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கணும். அதைத் தொழில் என்று சொல்ல எனக்கு மனசு வரலை.

இப்போ பாரிஸுக்குப் போவோம். அங்கே இதுக்கு வேற ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள், கெம்ப்புக்குக் கிட்டத்தட்ட முன்னூறு வருஷம் முன்னாடியே. 1321ல் பாரிஸின் வாத்தியக்காரர்கள், ஆட்டக்காரர்கள், வித்தைக்காரர்கள் 37 பேர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்த 37ல் பெண்களும் உண்டு. விதிகளைப் படித்தால் இன்றைய ஈவென்ட் கான்ட்ராக்ட் மாதிரி இருக்கும். விசேஷ வீட்டில் விருந்து முடியும் முன்னால் கிளம்பக் கூடாது. உடம்பு சரியில்லை மாதிரியான காரணம் இல்லாமல், ஒத்துக்கொண்ட வேலைக்கு மாற்று ஆளை அனுப்பக் கூடாது. முக்கியமான விதி: சங்கத்தில் இல்லாதவர் பாரிஸில் தொழில் செய்யக் கூடாது.

புனித ஜூலியன் பெயரில் நடந்த இந்தச் சங்கம் மெல்ல மெல்ல வயலின்காரர்கள் கைக்குப் போனது. டான்ஸ் மாஸ்டர்களும் இதற்குள்தான். ஏன் என்றால் அன்றைக்கு டான்ஸ் மாஸ்டர் என்றாலே வயலின் வாசிப்பவர்தான். கோட்டுப் பைக்குள் போகிற மாதிரி ஒல்லியான ஒரு குட்டி வயலின் உண்டு. அதை எடுத்துக்கொண்டு பணக்கார வீடுகளுக்குப் போய், ஒரு கையால் வில்லை இழுத்துக்கொண்டே காலால் அடவு காட்டுவார்கள். மாஸ்டர் ஆவதற்குச் சங்கத்தின் சான்றிதழ் வேண்டும், அதற்குக் கட்டணம். சங்கத்தின் தலைவருக்கு 'ராஜா' என்றே பட்டம்.

ஆனால் பிரான்ஸில் நிஜமாகவே ஒரு ராஜா இருந்தார், அவருக்கு டான்ஸ் பைத்தியம். பதினான்காம் லூயி. 1653ல், பதினான்கு வயசில், ராத்திரி முழுக்க நடந்த ஒரு பாலேயின் கடைசியில் உதிக்கும் சூரியனாக வந்து ஆடினார். 'சூரிய ராஜா' என்ற பெயருக்கும் அந்த வேஷத்துக்கும் தொடர்பு உண்டு. 1661ல் ஆட்சி முழுசாக அவர் கைக்கு வந்தது. அதே மார்ச் மாசம் அவர் போட்ட உத்தரவுகளில் ஒன்று: ராயல் டான்ஸ் அகாடமி. அனுபவமுள்ள 13 டான்ஸ் மாஸ்டர்கள் அதில் உறுப்பினர்கள். போர்க்கால குழப்பத்தில் அரைகுறைகள் புகுந்து டான்ஸைக் கெடுத்துவிட்டார்கள், அதைச் சீர்படுத்த வேண்டும், ஆயுதப் பயிற்சிக்கு உடம்பைத் தயார் செய்வதே டான்ஸ்தான் என்றெல்லாம் உத்தரவில் காரணம் சொல்லியிருக்கிறார்கள். நடைமுறையில் விஷயம் இதுதான்: அந்த 13 பேரும் அவர்கள் பிள்ளைகளும் சங்கத்தின் சான்றிதழ் இல்லாமலே பாடம் நடத்தலாம்.

சங்கம் சும்மா இருக்குமா? 'ராஜா' பட்டத்தில் அப்போது இருந்தவர் கியோம் துமனுவார், அரண்மனை வயலின்காரர்களில் பெரிய ஆள். கோர்ட்டுக்குப் போனார். அவருடைய வாதம் எளிமையானது. இசை இல்லாமல் டான்ஸ் ஏது? இரண்டும் கல்யாணம் ஆனவை. 1664ல் அவர் எழுதின புத்தகத்தின் தலைப்பே இசைக்கும் டான்ஸுக்கும் நடந்த கல்யாணம் என்பதுதான்.

அகாடமி தரப்பு ஒரு படி மேலே போய் அடித்தது. டான்ஸின் உயர்ந்த பகுதிக்கு வாத்தியமே தேவையில்லை என்று நிரூபிப்பதற்காகவே ஒரு உரை எழுதி அச்சுப் போட்டார்கள். யோசிச்சுப் பாருங்க. பைக்குள் வயலினை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர்கள், எங்கள் கலைக்கு வயலின் வேண்டாம் என்கிறார்கள். அழகியல் விவாதம் மாதிரி தெரியும். எனக்கென்னவோ அது சந்தா கட்ட மாட்டேன் என்கிற சண்டையாகத்தான் படுகிறது. கேஸில் அகாடமி ஜெயித்தது. பின்னால் ராஜா நிற்கும்போது வேறென்ன நடக்கும்!

ஆனால் அந்த அபத்தமான வாதத்துக்குள் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருந்தது. முதல் தடவையாக ஒரு கூட்டம், எங்கள் வேலை ஆட்டம் மட்டும்தான், இது தனி வேலை, இதற்குத் தனி அறிவு உண்டு, இதில் யார் தேறினார்கள் என்று நாங்கள்தான் சொல்வோம் என்று எழுதிக் கேட்டு வாங்கியது. மெயில் எழுதின தோழிக்கு என் பதில் இங்கேதான் இருக்கு. ஆடிச் சம்பாதித்தது அதற்கு முன்பும் இருந்தது. "நீ எங்க ஆள் இல்லை"ன்னு இன்னொருத்தரைப் பார்த்துச் சொல்கிற அதிகாரம் கைக்கு வந்தபோதுதான் அது இவர்களுக்குத் தொழில் ஆனது. கெம்ப் பிரென்ட்வுட்டில் பயந்துகொண்டு சொன்னதை, இவர்கள் முத்திரை போட்ட காகிதத்தில் சொன்னார்கள்.

அந்தக் கோட்டுக்கு வெளியே யார் நின்றார்கள்? கயிற்றின் மேல் நடப்பவர்கள், குட்டிக்கரணம் போடுபவர்கள், சந்தையில் ஆடுபவர்கள். அவர்களிலும் சிலர் உள்ளே வரப் பார்த்தார்கள். இத்தாலிக்காரர் அர்காஞ்சலோ துக்காரோ ஒரு குட்டிக்கரணக் கலைஞர், பிரெஞ்சு அரண்மனையில் வேலை பார்த்தவர். 1599லேயே பாரிஸில் ஒரு புத்தகம் போட்டார். காற்றில் தாவுவது எப்படி என்பதைப் படங்கள், வட்டங்கள், வடிவியல் எல்லாம் போட்டு, படித்தவர்கள் உட்கார்ந்து உரையாடும் பாணியில் எழுதினார். நானும் சாஸ்திரம் தெரிந்தவன்தான் என்று காட்டும் முயற்சி. பிரமாதமான புத்தகம். இருந்தும் ஒரு குட்டிக்கரண அகாடமி வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே உதை பிறகு சங்கத்துக்கும் விழுந்தது. ஆர்கன், ஹார்ப்சிகார்ட் வாசிப்பவர்களையும் சங்கத்தில் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்தப் பார்த்தார்கள். அவர்கள் எதிர்த்து நின்று ஜெயித்தார்கள். ஃபிரான்சுவா கூப்ரேன் என்ற பெரிய இசையமைப்பாளர் ஹார்ப்சிகார்டுக்காக எழுதின ஒரு தொகுப்பில் இந்தச் சங்கத்தைக் கிண்டலடித்து ஐந்து துண்டுகள் உண்டு. சங்கத்து ஆட்கள் ஊர்வலமாக வருகிறார்கள். பிச்சைக்காரர்கள், வித்தைக்காரர்கள், கரடி, குரங்கு எல்லாம் இசையிலேயே வரும். கேட்க ஜாலியாக இருக்கும், யூடியூபில் தேடிப் பாருங்க. ஆனால் கேட்கும்போது 1321ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 37 பேரின் சங்கத்தை அவமானப்படுத்த ஒரு கரடியைக் கூட்டி வந்தால் போதும் என்றாகிவிட்டது.

சரி, மேடைக்கு வருவோம். 1670 வாக்கில் லூயி ஆடுவதை நிறுத்திவிட்டார். அதுவரை அரண்மனை பாலேயில் ராஜாவும் பிரபுக்களும் சம்பளக்காரர்களோடு சேர்ந்து ஆடுவார்கள். ராஜா போனதும் பிரபுக்களின் ஆர்வமும் குறைந்தது. 1672ல் லுலி என்ற இசையமைப்பாளர் பாரிஸ் ஓபராவைக் கைப்பற்றினார். டிக்கெட் வாங்கி வரும் கூட்டம். மேடையில் சம்பளத்துக்கு ஆடுபவர்கள் மட்டும். அத்தனை பேரும் ஆண்கள். பெண் பாத்திரத்தையும் முகமூடி போட்டுக்கொண்டு ஆண்களே ஆடினார்கள்.

1681ல் 'காதலின் வெற்றி' என்ற பாலே முதலில் அரண்மனையில் நடந்தபோது ராஜகுடும்பத்துப் பெண்களும் பிரபு வீட்டுப் பெண்களும் ஆடினார்கள். அதே பாலே பாரிஸில் டிக்கெட் போட்டு நடந்தபோது அவர்கள் வர முடியாது, மரியாதை போய்விடும். அந்த இடத்துக்கு நான்கு பெண்களைச் சம்பளத்துக்கு எடுத்தார்கள். அவர்களில் முதன்மையானவர் லாஃபோன்டேன். புத்தகங்கள் அவரை முதல் தொழில்முறை பெண் நடனக் கலைஞர் என்று எழுதும்.

முதலா? இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். 1321 காகிதத்தில் பெண்கள் பெயர் இருக்கு. பாரிஸ் சந்தைகளில் கயிற்றின் மேல் ஆடிக் காசு வாங்கின பெண்கள் இருந்தார்கள். சட்பரியில் கெம்ப்போடு ஒரு மைல் ஆடின பெண்ணுக்குக் கெம்ப்பே காசு கொடுத்திருக்கிறார், அவரே எழுதுகிறார். அவர்கள் யாரும் 'முதல்' ஆகவில்லை. ஏன்னா அவர்கள் ஆடின இடத்துக்கு 'ராயல்' என்று பெயர் இல்லை. இதைச் சொல்வதால் லாஃபோன்டேனின் பெருமை குறையாது. அவர்கள் நான்கு பேர் நுழைந்த கதவு பிறகு மூடவே இல்லை. 1713ல் ஓபராவுக்கென்றே ஒரு டான்ஸ் பள்ளியை நிறுவ ராஜா உத்தரவு போட்டார். அந்தப் பள்ளி இன்றைக்கும் நடக்கிறது.

இன்னொரு சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். பியர் போஷாம், லூயியின் டான்ஸ் மாஸ்டர், டான்ஸைக் காகிதத்தில் எழுதும் குறியீட்டு முறை ஒன்றை உருவாக்கினார். அச்சுப் போடவில்லை. 1700ல் ஃபயே என்ற இன்னொரு மாஸ்டர் அந்த முறையில் ஒரு புத்தகம் போட்டார், செம விற்பனை. அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் புது டான்ஸ்கள் அச்சாகி வந்தன. பாரிஸில் வந்த புது டான்ஸை லண்டன் மாஸ்டர் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டு மாணவர்களிடம் காசாக்கலாம். 1704ல் வயதான போஷாம், இது என்னுடையது என்று அரசவையில் மனு போட்டார். கண்டுபிடித்தவர் அவர்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். விற்கும் உரிமை ஃபயேயிடமே இருந்தது. ரீல்ஸில் தன் ஸ்டெப் வேறு யார் பெயரிலோ சுற்றுவதைப் பார்க்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு ஆள். கெல்லம் டாம்லின்சன், லண்டன் டான்ஸ் மாஸ்டர். 1707லிருந்து 1714 வரை ஏழு வருஷம் ஒரு மாஸ்டரிடம் தொழில் பழகினார். அப்புறம் எப்படி ஆடுவது என்று படங்களோடு ஒரு பெரிய புத்தகம் தயார் செய்தார். செப்புத் தகட்டில் படம் செதுக்க ஏகப்பட்ட செலவு. முன்பணம் கட்டுபவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அதற்குள் 1728ல் வேறொருவர் பிரெஞ்சிலிருந்து இதே விஷயத்தில் ஒரு புத்தகத்தை மொழிபெயர்த்துப் போட்டுவிட்டார். டாம்லின்சன் புத்தகம் வெளிவந்தது 1735ல்தான். உள்ளே ஒவ்வொரு படமும் ஒரு மாணவருக்கோ ஆதரவாளருக்கோ சமர்ப்பணம், பெயர் போட்டு. சபை, சங்கம், சான்றிதழ் எல்லாம் வந்த பிறகும் ஒரு டான்ஸ் மாஸ்டர் காசுக்காகக் கதவு கதவாகத் தட்டியிருக்கிறார்.

தோழி, அந்த லோன் கிடைச்சுதான்னு எழுதுங்க. மத்தவங்களும் தொழில் கட்டத்தில் என்ன எழுதறீங்கன்னு மெயில் பண்ணுங்க, அடுத்த எபிசோடில் படிக்கறேன்.